ஏடுகள் எண்ணாத பிணங்கள்

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கிக்கு இரையானோர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், ஆம், பாதிக்கு மேற்பட்டோர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டவர்கள். எத்தனை ஏடுகள் இதைத் தலைப்பாக்கின? 2012இல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 பிஞ்சுகள் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, 'கட்டுப்படுத்து' என்று முழங்கிற்று ஒரு சாரார் ஏடு. 'உரிமை பறிபோகிறது' என்று அலறிற்று மறுசாரார் ஏடு. தற்கொலையோ, கொடியவனைச் சுட்டிக்காட்டித் தடை கோருவோருக்கும் உதவாது. துப்பாக்கியே வீட்டின் காவல் என்போருக்கும் உதவாது. ஆகவே ஓரத்தில் ஒதுங்கிற்று.

சார்பா குற்றம்? அன்று! நாமும் சார்புடையோரே, முகப்பிலேயே அதைப் பொறித்துள்ளோம். தம் வாதத்துக்கு ஆகாத பிணத்தை எண்ணாது விடுவதே குற்றம். நம் ஏடுகளில் அத்தகைய பிணம் எதுவும் இல்லையென்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல இயலுமா, தோழர்களே?