அணிகலன் தரும் வாக்குறுதி

ஏலக்காய் விளையும் மலைச்சரிவு டிராக்டருக்குரிய நிலமன்று. போடிமெட்டுப் பாதையில் தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்பவை ஜீப்புகளே. மலை முடிந்து சமவெளி தொடங்கும் சிலமலை போன்ற ஊர்களில்தான் டிராக்டரின் ஆட்சி. அங்கே புதிய வண்டிகளுக்கு நடுவே, முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்துக் களைத்த வண்டிகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் சிவப்பு மாஸி பெர்குசன் வண்டிகள் அவற்றுள் நமக்கு நன்கு பழக்கமானவை. இத்தகைய முதிய வண்டிக்கு அதன் உரிமையாளர் பித்தளைப் பட்டை அடிக்கிறார். மட்கார்டின்மேல் எவர்சில்வர் கம்பி பொருத்துகிறார். முன்புறத் தகட்டில் பிள்ளைகளின் பெயர்களைப் பொறிக்கிறார். இச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? சிறிய கேள்விதான். ஆயினும் இதனுள் பெரிய கேள்வி ஒன்று மறைந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

வீண் செலவு என்பார் உளர். உழைக்கும் பொருளுக்கு ஒப்பனை எதற்கு என்று 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கினும் கேட்டார். கடைமுகப்பு, இரயில் நிலையம் போன்ற பரபரப்பான இடங்களில் அலங்காரம் கூடாது என்பது, 1849-இல் வெளிவந்த ‘கட்டடக் கலையின் ஏழு விளக்குகள்’ என்னும் நூலில் அவர் முன்வைத்த கருத்து. இரயில் நிலையத்தைக் கடந்து செல்பவனுக்கு இது பொருந்தலாம். ஆனால் உழவன் தன் வண்டியைக் கடந்து செல்பவன் அல்லன். நாள் முழுதும் அதன்மேல் அமர்ந்திருப்பவன். கடன் தவணை கட்டி முடித்ததும், மகளைப் படிக்க வைத்ததும் அந்த வண்டியின் உழைப்பால்தானே! அதற்கு ஒரு பட்டை அணிவிக்க அவன் விரும்புவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

கொழும்பில் 1877-இல் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1939-இல் அணிகலன் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில் வேறொரு வழியைக் காட்டுகிறார். ‘அலம்’ என்னும் வடசொல்லுக்குப் ‘போதும்’ என்று பொருள். எனவே அலங்காரம் என்பது ஒரு பொருளைப் போதுமானதாக, நிறைவுள்ளதாக ஆக்குவது. மேலே தடவப்பட்ட மிகை அன்று. நம் மாடுகளை நினைத்துப் பார்ப்போம். கழுத்துச் சலங்கை இருளில் எதிரே வருவோரை எச்சரித்தது. கொம்பில் செருகிய பித்தளைக் குப்பி, அதன் கூர்முனையை மூடியது. அழகும் பயனும் அங்கே தனித்தனியே வாழவில்லை. மேலும் ஒன்று: உறுத்தும் அணியை மாடு தலையை உதறித் தள்ளிவிடும். டிராக்டருக்கு அந்த வசதி இல்லை. அதற்காக நாம்தான் யோசிக்க வேண்டும்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில், மனித உடலின் அமைப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் இரம்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். கண்ணாடி இரும்பைவிட அழகியதுதான். ஆயினும் தச்சன் கண்ணாடியில் இரம்பம் செய்வதில்லை. அந்த அழகு அறுக்கும் வேலைக்கு இடையூறாகும் என்கிறார் அவர். டிராக்டரின் முன்முகத்தில் காற்று புகும் வலையை மறைத்து அகலத் தகடு மாட்டுவோர் கண்ணாடி இரம்பம் செய்பவர்களே. ரேடியேட்டருக்குக் காற்றில்லை, எந்திரம் கொதிக்கிறது. பின்விளக்கை மறைத்துத் தொங்கும் குஞ்சம் அதனினும் கொடியது. பின்னால் வேகமாகச் சுழலும் பி.டி.ஓ. தண்டின் அருகே தொங்கும் நாடாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அத்தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அதாவது நொடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. நாடாவைப் பற்றி இழுக்கும். நாடாவை எடுக்கக் குனிந்தவரின் துண்டையும் இழுக்கும்.

சரி, இடம் பார்த்து அணிவித்தாயிற்று. அது நிற்குமா? பழைய டிராக்டரின் பின் அச்சுக்கு வில் கிடையாது; மேடுபள்ளத்தின் அதிர்ச்சியை வாங்குவது டயர் மட்டுமே. மூன்று உருளை டீசல் எந்திரத்தின் நடுக்கமோ ஓயாதது. வெறும் பசையால் ஒட்டிய பட்டை, சித்திரை வெயிலும் எந்திரச் சூடும் சேர்ந்த ஒரு பருவத்தில் பெயர்ந்துவிடும். இறுக்கமாகத் திருகிவிட்டால் போதும் என்பதும் சரியன்று. வெப்பம் 40 டிகிரி உயர்ந்தால் ஒரு மீட்டர்ப் பித்தளைப் பட்டை முக்கால் மில்லிமீட்டர் நீளும்; அதன் அடியிலுள்ள இரும்புத் தகடு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இரு முனையையும் இறுக்கினால் பட்டை நடுவில் புடைக்கும், திருகு தளரும். ஆகவே நல்ல பட்டறைக்காரர் ஒரு முனையை இறுக்கி, மறு முனைத் துளையைச் சற்று நீளமாக வெட்டி, அசைய இடம் விடுகிறார். அன்புக்கும் இவ்வாறு சிறிது இடம் விட்டுக் கட்டுவது நல்லது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நாம் டிராக்டரை விட்டு விலக வேண்டாம். பித்தளையும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு, இடையில் பனியும் உரத்தூளும் சேர்ந்தால் இரும்புதான் விரைந்து துருப்பிடிக்கும். இடையே ஒரு ரப்பர்த் துண்டு வேண்டும். புதிதாகத் துளையிட்டால் அதன் விளிம்புக்கு ரெட் ஆக்சைடு பூச வேண்டும். ஏற்கெனவே உள்ள போல்ட் துளையில் ஒரு தாங்கி வைத்து மாட்ட முடிந்தால், முதிய தகட்டைப் புதிதாகக் குத்தவே தேவையில்லை.

இவையெல்லாம் தொழில் நுணுக்கங்கள்தாமே, இதில் அறம் எங்கே என்று வாசகர் கேட்கலாம். மட்கார்டின் மேலுள்ள அந்த எவர்சில்வர் கம்பியைப் பாருங்கள். டிராக்டரில் ஓட்டுநரைத் தவிர எவரும் ஏறலாகாது. ஆனாலும் களையெடுக்கச் செல்லும் பெண்கள் மட்கார்டில் அமர்ந்து செல்வதை நாம் காணாமல் இல்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும் நொடியில் கை தானாக எதைப் பற்றும்? அந்தக் கம்பியைத்தான். அழகுக்காக இரண்டு சிறு ஸ்க்ரூவில் நிற்கும் கம்பி, பெயர்ந்து கையோடு வரும். விழுபவரின் கீழே பெருஞ்சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். ‘பிடித்துக்கொள்ளவா மாட்டினேன்? அழகுக்காக அல்லவா மாட்டினேன்?’ என்று உரிமையாளர் கூறலாம். அவர் கூறுவது உண்மையே. அவருடைய எண்ணத்தில் தீமை இல்லை. ஆயினும் கைப்பிடி போன்ற வடிவத்தில் ஒன்றை வைப்பவர், ‘இது தாங்கும்’ என்று வாய்திறவாமலே வாக்களித்துவிடுகிறார். அவ்வாக்கை நம்புவது கண்ணன்று, கை. கைக்கு யோசிக்க நேரமில்லை. புதுவீடு கட்டுவோன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், இல்லையேல் விழுபவரின் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூல் (22:8) விதிப்பது இந்த நுண்மையை உணர்ந்துதான். பிறர் என்ன செய்யக்கூடும் என்பதையும் கட்டுபவன் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். எண்ணம் தூயதாக இருந்தது என்பதால் மட்டும் கடமை தீர்ந்துவிடுவதில்லை.

ஆகவே கம்பி தாங்க வேண்டும். அல்லது பிடிக்கத் தூண்டாத தட்டையான பட்டையாக அது இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை நாம் காணவில்லை.

விடுதலைப் பயண நூலின் 28-ஆம் அதிகாரத்தைப் பலர் அலுப்புடன் புரட்டிச் செல்வர். அங்கே ஆரோனின் மார்புப் பட்டையில் பன்னிரு குலங்களின் பெயர்கள் கற்களில் பொறிக்கப்படுகின்றன. அதை மாட்டும் முறைக்கு எத்தனை வசனங்கள்! மூலைகளில் பொன் வளையங்கள், முறுக்கிய சங்கிலிகள், ஏபோதிலிருந்து அது நழுவாதிருக்க நீல நாடா. அங்கியின் கழுத்துத் துளை கிழியாதிருக்கச் சுற்றிலும் நெய்த விளிம்பு. பட்டறையில் வாஷர் செய்யும் வேலையும் அதுதான். பெயர் பொறித்த தகட்டைச் சாலையில் தவறவிட்ட உழவர் எவரும் இந்த அதிகாரத்தை அலுப்பாகப் படிக்கமாட்டார்.

போடிப் பட்டறைகளில் இப்பணிக்குக் கேட்டு வாங்க வேண்டியவை ஸ்பிரிங் வாஷரும் நைலான் பதித்த நட்டும். மாட்டிய பின் முதல் உழவு முடிந்ததும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் கம்பியை இரு கைகளாலும் பற்றி, உடல் எடை முழுவதையும் கொடுத்துத் தொங்கிப் பார்ப்பதும் நன்று.