பழமில்லாத வாசனை

மாம்பழ வாசனை ஒரு வாக்குறுதி. 'பழுத்துட்டேன், வந்து தின்னு, கொட்டையை எங்கேயாவது கொண்டுபோய்ப் போடு' என்று மரம் விலங்கைக் கூப்பிடுகிறது. சொன்னபடி உள்ளே இனிப்பும் இருக்கிறது. கஞ்சாப் பூவுக்கு யாரையும் கூப்பிடும் தேவை கிடையாது. அதன் மகரந்தத்தைக் காற்றே சுமந்துபோகிறது. பெண்பூவை மூடியிருக்கும் பிசின் சுரப்பிகளின் நெடி, பூச்சிகளை அண்டவிடாமல் வைக்கத்தான் என்பது பொதுவான விளக்கம்.

அந்த நெடியைத்தான் மனிதர்கள் அழைப்பாக மாற்றினார்கள். கலிபோர்னியாவில் இது இன்று பெரிய தொழில். இரண்டு செடிகளைக் கலந்து, முளைக்கிற நாற்றுகளின் தண்டை விரலால் தேய்த்து முகர்ந்து பார்க்கிறார்கள். ஆரஞ்சோ ப்ளூபெர்ரியோ மணக்கிற ஒன்று நிற்கும், மிச்சமெல்லாம் குப்பைக்குப் போகும். நின்றதிலிருந்து போத்து வெட்டிப் பெருக்குகிறார்கள். எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீனும் மாம்பழத்தில் உள்ள மிர்சீனும் கஞ்சாவிலும் இயல்பாகவே உண்டு. ஆக, யாரும் எதையும் வெளியிலிருந்து ஊற்றவில்லை. இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா?

2009இல் அமெரிக்க அரசு பழச்சுவை, மிட்டாய்ச்சுவை சிகரெட்டுகளைத் தடைசெய்தது. சின்னப் பசங்களை அது இழுக்குது என்பதுதான் காரணம். சுவையைச் சேர்த்தால் குற்றம், அதே மணத்தைப் பல தலைமுறை வளர்த்துச் செடிக்குள்ளேயே கொண்டுவந்தால் கலை என்றால், ஒரு பதினாறு வயசுப் பையனின் மூக்குக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

வளர்ப்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. டிஎச்சி சதவீதம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து வாங்குகிற சந்தையில், மணத்துக்காக வளர்ப்பது போதைப் பந்தயத்திலிருந்து விலகி நிற்பதுதான். ரோஜாவையும் மதுவுக்கான திராட்சையையும் நாம் அப்படித்தானே வளர்த்தோம் என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்து வாங்கும் பெரியவருக்கு அந்த மணம் ஓர் அலங்காரம்தான். தெரியாதவனுக்கு அது முகமூடி. அதே பூ, அதே மணம்.

அதனால்தான் 'இயற்கையானது' என்ற சொல் இங்கே பதிலாகாது. 'வளர்த்தது நான், வித்தது வேற ஆளு' என்பதும் ஆகாது. முகர்ந்ததும் பிடித்துப்போக வேண்டும் என்பதற்காகவே அவர் நூறு நாற்றுகளைத் தள்ளியிருக்கிறார். யாருக்குப் பிடிக்கும் என்பதையும் அவர் யோசித்திருக்கத்தான் வேண்டும். மகரந்தத்தைத் தூவிவிட்டு யாரிடமும் பதில் சொல்லாமல் போகலாம், காற்றுக்கு அது முடியும். தேர்ந்தெடுத்த விரலுக்கு முடியாது.