பார்ப்பதும் பார்த்துக்கொள்வதும்

நம்மூரில் சம்ப் என்றால் தண்ணீரைச் சேர்த்துவைக்கிற இடம். கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே தோண்டி, இரும்பு மூடி போட்டு, லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வந்தால் முதலில் அதில் நிரப்பி, பிறகு மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். நான் இப்போது வசிக்கும் நியூ ஜெர்சியில் அதே சொல்லுக்கு நேர்மாறான வேலை. இங்கே சம்ப் என்பது வேண்டாத தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கான குழி. வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ட், அதன் தரையில் ஒரு மூலையில் குழி, குழிக்குள் ஒரு சின்ன மோட்டார். மழைக்காலத்திலும் பனி உருகும் மாதங்களிலும் அஸ்திவாரத்தைச் சுற்றி நிலத்தடி நீர் ஏறி நிற்கும். அது சுவர் வழியே கசிவதற்கு முன் இந்தக் குழிக்கு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. குழியில் நீர் ஏறினால் மிதவை ஏறும், மிதவை ஏறினால் சுவிட்ச் விழும், மோட்டார் ஓடித் தண்ணீரை வெளியே புல்தரைக்குத் தள்ளும். அவ்வளவுதான்.

ஓடுகிறவரை யாரும் நினைத்துப் பார்க்காத கருவி இது. நின்றுபோனால் சில மணி நேரத்தில் கணுக்காலளவு தண்ணீர். சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் இதற்குப் பணம் தராது, தனியாக ஒரு பிரிவு சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். அதனால் என்னைப் போன்ற ஆட்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு: மோட்டாரின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஸ்மார்ட் பிளக்கைச் செருகிவிடுவது. எத்தனை வாட் மின்சாரம் போகிறது என்று அது அளந்து போனுக்கு அனுப்பும். நான் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், என் வீட்டுக்கு அடியில் ஒரு குழியில் என்ன நடக்கிறது என்று தெரியும்.

அந்த வரைபடத்தைப் படிக்கப் பழகிவிட்டால் ஆச்சரியமாக இருக்கும். பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கும் கோடு திடீரென்று 600 வாட்டுக்கு ஏறி, இருபது விநாடி நின்று, விழும். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்பது மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதன் கணக்கு. இருபது விநாடி ஓட வேண்டியது ஒரு நிமிடம் ஓடினால், வெளியேற்றும் குழாயில் அடைப்பு இருக்கலாம், அல்லது தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கெட்டிருக்கலாம். நிற்காமல் ஓடினால் மிதவை எங்கோ சிக்கியிருக்கலாம். தண்ணீரைப் பார்க்காமலே, மின்சாரத்தை வைத்துத் தண்ணீரின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

சிக்கல், பூஜ்யத்தில்தான். கோடு தட்டையாக இருந்தால் என்ன அர்த்தம்? மழை இல்லை, மண் காய்ந்திருக்கிறது, எல்லாம் நலம் என்று அர்த்தம். அல்லது மோட்டார் எரிந்துவிட்டது என்று அர்த்தம். அல்லது மிதவை கீழேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. நலத்துக்கும் சாவுக்கும் ஒரே கோடு. புயலில் மின்சாரமே போய்விட்டால் மோட்டாரும் நிற்கும், வைஃபையும் நிற்கும், பிளக்கும் பேசாது. செய்தி எப்போது மிகவும் தேவையோ அப்போது செய்தி வராது. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. அதனால்தான் நாங்கள் ‘ஏதாவது கெட்டால் சொல்’ என்பதோடு நிறுத்தாமல், ‘நன்றாக இருந்தாலும் அவ்வப்போது சொல், சொல்லாவிட்டால் கெட்டதாக எடுத்துக்கொள்வேன்’ என்று எழுதுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. இந்த பிளக் வெறும் பார்வையாளன் இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரம் முழுக்க அதன் வழியாகத்தான் போகிறது. அதற்குள் இருக்கும் ரிலே பழுதானால் மோட்டார் நிற்கும். மின்சாரம் போய்த் திரும்பும்போது சில பிளக்குகள் அணைந்த நிலையிலேயே எழுந்திருக்கும், அந்த அமைப்பை மாற்றிவைக்க வேண்டும். மோட்டாரைக் காக்க வைத்த கருவியே மோட்டாரை நிறுத்தக்கூடும். நாம் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கும்போது அதன் வழியில் போய் நின்றுகொள்கிறோம்.

சரி, ஒரு பிளக்கைப் பற்றி ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். தமிழில் ஒரு வினைச்சொல் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது: பார்த்துக்கொள். ‘வீட்டைப் பாத்துக்கோ’, ‘அம்மாவைப் பாத்துக்கோ’. பார்ப்பதில் தொடங்குகிற சொல், பேணுவதில் முடிகிறது. நடுவில் இருப்பது ‘கொள்’. பார்த்ததைத் தன் மேல் ஏற்றுக்கொள்வது. நம் காலத்துக் கருவிகள் முதல் பாதியை மிக மலிவாக்கிவிட்டன. சில நூறு ரூபாய்க்குப் பார்க்கலாம். ஆனால் ‘கொள்’ளுக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு ஜூலை மாதம் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் இருந்தேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு போன் அதிர்ந்தது. நியூ ஜெர்சியில் அப்போது முந்தின நாள் இரவு எட்டு மணி, இடியோடு மழை. மோட்டார் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நிற்காமல் பதினோரு நிமிடம், பிறகு பூஜ்யம். பிளக் பேசிக்கொண்டிருந்தது, அதாவது வீட்டில் மின்சாரம் இருக்கிறது. மோட்டார் சூடாகித் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சாவி இருக்கிறது. எழுபத்து நாலு வயது, ஓய்வு பெற்ற தபால்காரர், பனிக்காலத்தில் நான் அவர் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுவேன், அந்த உறவு. கூப்பிட்டேன். அவர் உற்சாகமாகவே சொன்னார்: “அவ்வளவுதானே, கீழே போய் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்க்கிறேன்.”

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் தரை. சுவரில் உயிரோடு இருக்கும் மின்சாரம். ஈரமான மரப்படி. எழுபத்து நாலு வயது. என் கட்டிலில் படுத்தபடி இதில் எதையும் நான் தொடப்போவதில்லை. கீழே மூன்று பெட்டிகளில் புத்தகங்கள் இருந்தன. கல்லூரிக் காலத்திலிருந்து சேர்த்தவை, சில இப்போது அச்சில் இல்லை. அவை மனதில் வரவில்லை என்று சொன்னால் பொய். “படிக்கு மேலே நின்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு படிகூட இறங்க வேண்டாம்” என்றேன். அவர் பார்த்தார். “கார்ப்பெட் கறுத்திருக்கிறது, கணுக்கால் அளவுகூட இல்லை, போய்விட்டு வந்துவிடலாம்” என்றார். வேண்டாம் என்றேன். திரும்பவும் கேட்டார். மூன்றாவது முறையும் வேண்டாம் என்ற பிறகு, கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் கதவைப் பூட்டிக்கொண்டு போனார். கார்ப்பெட், சுவர்களின் கீழ்ப்பகுதி, மூன்று பெட்டிகள் எல்லாம் போயின.

பீட்டர் சிங்கரின் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. கிழக்கு வங்கத்து அகதிகளின் பட்டினியை மனதில் வைத்து எழுதி 1972இல் வெளியானது. ஆழமில்லாத குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது, நீங்கள் இறங்கினால் உங்கள் உடை சேறாகும், அவ்வளவுதான். இறங்க வேண்டியது கடமை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். அப்படியானால் குழந்தை பத்து கஜ தூரத்தில் இருந்தால் என்ன, பத்தாயிரம் மைல் தூரத்தில் இருந்தால் என்ன என்று அவர் கேட்கிறார். தூரம் கடமையைக் குறைக்காது.

அந்த முடிவு எனக்குச் சரியென்றே படுகிறது. ஆனால் என் பேஸ்மென்ட் அந்தக் குளத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்கிறது. சிங்கரின் குளத்தில் இறங்குகிறவன் நான், சேறாவது என் உடை. தூர தேசத்துக்குப் பணம் அனுப்பினாலும் குறைவது என் பணம். ஆனால் நான் பார்த்து, இன்னொருவர் இறங்கும்போது, கடமை என்னுடையது, ஈரமாவது அவருடைய கால். தூரம் கடமையைக் குறைப்பதில்லை, அதன் விலையை இடம் மாற்றிவிடுகிறது. விலை கொடுக்காதவனுக்கு எல்லாக் கடமையும் எளிதாகத் தெரியும். ‘ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுங்களேன்’ என்பது எவ்வளவு சுலபமான வாக்கியம்!

இதனால் தூரத்துக் கருவிகளே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்து விவசாயிகளின் மொபைல் ஸ்டார்ட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் வரப்பில் நடந்து போய், ஈரக்கையோடு மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். பாம்பும் உண்டு, ஷாக்கும் உண்டு. இன்று கட்டிலில் இருந்தபடி ஒரு போன். அதுவும் தூரத்திலிருந்து ஒரு மோட்டாரைப் பார்க்கும் கருவிதான். ஆனால் ஒரு மனிதனை இருட்டுக்குள் போகாமல் காப்பாற்றுகிறது. என் பிளக், அன்று, ஒரு மனிதரைத் தண்ணீருக்குள் அனுப்பப் பார்த்தது. இரண்டும் ஒரே தொழில்நுட்பம். யாருடைய கால் எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் வேறுபாடு.

இன்னும் பெரிய அளவில் இதைப் பார்த்திருக்கிறோம். 2021 செப்டம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்சம் நியூ ஜெர்சியையும் நியூயார்க்கையும் தாக்கியது. சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குல மழை. தேசிய வானிலைச் சேவை நியூயார்க் நகரத்துக்கு வரலாற்றில் முதல்முறையாகத் திடீர் வெள்ள அவசரநிலையை அறிவித்தது. போன்கள் அலறின, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். அன்று நியூயார்க்கில் பேஸ்மென்ட் குடியிருப்புகளில் மட்டும் 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குவீன்ஸ் பகுதியில். எனக்கு பேஸ்மென்ட் என்பது புத்தகப் பெட்டி வைக்கிற இடம். அவர்களுக்கு அது வீடு. அப்படிப்பட்ட வீடுகள் பல்லாயிரம் இருப்பது நகரத்துக்கும் தெரிந்ததுதான். மழையும் தெரிந்தது, வீடும் தெரிந்தது, எச்சரிக்கையும் போனது. அந்தப் படியில் ஏறி வர ஒரு வழியும், ஏறிய பிறகு போக ஓர் இடமும்தான் இல்லை. பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சோடு பேச்சாக, நம்ம வீட்டு வரவேற்பறையில் ஒரு கேமரா வைக்கலாமா என்று கேட்டேன். அப்பாவும் அம்மாவும் தனியாக இருக்கிறார்கள், என் வயதில் வெளிநாட்டில் இருக்கும் பாதிப் பேர் வைத்துவிட்டார்கள். அம்மா சிரித்தாள். “கேமரா எதுக்குய்யா? காலைல ஏழு மணிக்கு வாசல்ல கோலம் இல்லன்னா எதுத்த வீட்டுக்காரி வந்து கதவத் தட்டிருவா. அவ வாசல்ல இல்லன்னா நான் போவேன்.”

எங்கள் துறையில் மண்டையை உடைத்துக்கொண்டு வடிவமைக்கிற அதே ஏற்பாடு: நலமாக இருந்தால் தினமும் ஒரு செய்தி, செய்தி இல்லாவிட்டால் எச்சரிக்கை. ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் கூடுதலாக இருக்கின்றன. பார்க்கிற ஆளுக்குக் கால் இருக்கிறது, தெருவைத் தாண்டி வர முடியும். பிறகு, பார்வை இரண்டு பக்கமும் போகிறது. ஒருவர் மட்டும் பார்த்து, மற்றவர் பார்க்கப்படுவதற்குத் தமிழில் வேறொரு சொல் இருக்கிறது, கண்காணி. அதுதான் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி ஆனது. மோட்டாருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதை எத்தனை பேர் பார்த்தாலும் கவலையில்லை. அம்மா மோட்டார் இல்லை. அவளுக்கு ஒருநாள் கோலம் போட மனசில்லாமல் படுத்துக்கிடக்கவும் உரிமை உண்டு. அதை விசாரிக்க வருகிறவள், அதே போல விசாரிக்கப்பட ஒப்புக்கொண்ட ஒருத்தியாக இருக்க வேண்டும் என்பது நியாயம்தானே.

கேமரா வைக்கவில்லை. பிளக்கை எடுத்துவிட்டேனா என்றால், இல்லை, இருக்கிறது. ஆனால் இப்போது அது தனியாக இல்லை. மின்சாரம் போனாலும் ஓடுகிற இரண்டாவது மோட்டார், பேட்டரியோடு, குழிக்குள் இருக்கிறது. தரையில் ஒரு நீர் அலாரம். மெயின் வயரைச் சுற்றிக் கவ்வி, மின்னோட்டத்தை வெளியிலிருந்தே அளக்கும் ஒரு சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன், அதைப் பொருத்திவிட்டால் பிளக்குக்கு ஓய்வு கொடுக்கலாம். இவற்றின் விலை அந்தப் புத்தகங்களையும் கார்ப்பெட்டையும் விடக் குறைவுதான், ஆனால் பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. ‘கொள்’ளின் விலை அதுதான் போலிருக்கிறது. அதை நான் கொடுத்தால் பெரியவர் கொடுக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கைச் செய்தியின் வாசகத்தையும் மாற்றினேன். முன்பு ‘பம்ப் நின்றுவிட்டது’ என்று மட்டும் வரும். அது பார்க்கிறவனுக்கான வாக்கியம். இப்போது எனக்கும் பெரியவருக்கும் ஒரே சமயத்தில் போகிறது: ‘பம்ப் நின்றுவிட்டது. யாரும் கீழே இறங்க வேண்டாம். பிளம்பரைக் கூப்பிட்டாகிவிட்டது.’ கடைசி வரி உண்மையாக வேண்டுமென்றால், போன் அதிர்ந்ததும் நான் எழுந்து கூப்பிட்டாக வேண்டும், அங்கே எத்தனை மணியானாலும், இங்கே எத்தனை மணியானாலும்.