ஊழும் உறைநிலை விதையும்

புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையும் கதிர்வீச்சும் கருமுட்டைகளையும் விந்தணுக்களையும் அழிக்கக்கூடும் என்பதால், முன்னதாகவே அவற்றை எடுத்து, திரவ நைட்ரஜனில் −196 பாகை செல்சியசில் உறையவைத்துக் காக்கும் கருவளப் பாதுகாப்பு, ஊழை மீறும் செயலா என்ற வினா எழுகிறது. ஊழுக்கு 38ஆம் அதிகாரத்தை ஒதுக்கிய வள்ளுவர், விடாமுயற்சியாகிய ஆள்வினையுடைமைக்கு 62ஆம் அதிகாரத்தையும் வகுத்திருப்பதால், குறள்நெறியில் முயற்சி ஊழுக்குப் பகையன்று. போடிநாயக்கனூருக்கு மேலுள்ள மலைச்சரிவுகளில், நோய் தொடாத தூரிலிருந்து கன்று பிரித்து நடும் ஏலக்காய் விவசாயி விதியை எதிர்ப்பதில்லை. வருங்காலத்துக்கான கடமையையே செய்கிறார்; கருவளப் பாதுகாப்பும் அத்தகையதே. ஆயினும், மக்கட்பேறு ஒன்றே வாழ்வின் பயன் என்று இளம் நோயாளியை நெருக்குவது அறமாகாது. ஆகவே, தோட்டத் தொழிலாளியின் மகளுக்கும் எட்டும் தொலைவில், சிகிச்சை தொடங்குமுன்பே இவ்வாய்ப்பை எடுத்துரைத்து, ஏற்கவும் மறுக்கவும் உரிமையளிக்கும் சேவையை அமைப்பதே அறமாகும்.