இருப்பவரும் நிற்பவரும்

'பூட்டிக்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கடை என்பதே பொருள். ஆங்கிலேயர் ஆட்சிக்கால இலங்கையின் ஆங்கிலத்திலே தெருவோரத் தேநீர்க்கடையைக் குறிக்கவும் இச்சொல்லே வழங்கிற்று. இன்றோ அது, சில அறைகளும் தனித்த கலையழகும் கொண்ட விலையுயர்ந்த சிறுவிடுதிக்குப் பெயராகிவிட்டது. கொழும்பின் கறுவாத்தோட்டத்தில் அகன்ற விறாந்தைகளையுடைய பழைய மாளிகைகள் சில இத்தகைய விடுதிகளாக மாறியுள்ளன. தேநீர்க்கடையிலிருந்து மாளிகைக்கு ஒரு சொல் ஏறிவிட்டது. அதனோடு மனிதரும் ஏறினரா என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா.

கரவெட்டியில் வாழும் பள்ளி ஆசிரியரான எமக்கு அங்கே தங்கும் வசதி ஏது? பல்கலைக்கழகத்தில் எம்மோடு பயின்று, இப்போது இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது தம் செலவில் ஓரிரவு எம்மைத் தங்கவைத்தார். அவ்விரவின் வாடகை எம் மாதச் சம்பளத்தோடு போட்டியிடத்தக்கது. ஆயினும் உண்மையை மறைத்தல் தகாது. அவ்விடம் அழகாகவே இருந்தது. மெருகேற்றிய சீமெந்துத் தரையும், எம்மூர் நாற்சார் வீடுகளை நினைவூட்டும் திறந்த முற்றமும் மனத்துக்கு இதமளித்தன. அழகை வெறுப்பது முற்போக்கு ஆகாது. அது சிலருக்கே உரியதாயிருப்பதைத்தான் நாம் வெறுக்கிறோம் என்று எம்மைத் தேற்றிக்கொண்டு நன்றாகவே உறங்கினோம்.

காலையில் தேநீர் கொண்டுவந்த இளைஞர் எம் பேச்சைக் கேட்டு முகம் மலர்ந்தார். "சேர் யாழ்ப்பாணமோ?" என்றார். கரவெட்டி என்றோம். "நானும் அந்தப் பக்கந்தான் சேர்" என்று தம் குறிச்சியின் பெயரைச் சொன்னார். அப்பெயரை நாம் இங்கு எழுதோம். எழுதினால் எம்மூரவர் அவருடைய சாதியை அக்கணமே அறிந்துகொள்வர். நாமும் அவ்வாறே அறிந்துகொண்டோம். சமத்துவத்தை வகுப்பறையில் போதிக்கும் எம் மனத்திலே, ஒரு குறிச்சியின் பெயர் கேட்டதும் தானாகத் திறக்கும் அந்தப் பழைய ஏடு இன்னும் கிழிந்தபாடில்லை.

1960களிலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேநீர்க்கடைகள் பலவற்றில் உள்ளே இருந்து குடிப்போர் ஒரு சாராராகவும், வெளியே நின்று குடிப்போர் மறு சாராராகவும் இருந்தனர். வெளியே நின்றோருக்குச் சிரட்டையிலும் தகரப்பேணியிலும் தேநீர் வார்க்கப்பட்டது. எம் பாட்டனார் உள்ளே வாங்கில் இருந்தவர். இவ்விளைஞரின் பாட்டனார் வெளியே நின்றிருப்பார். இரண்டு தலைமுறைகள் கடந்தன, போராட்டங்கள் நிகழ்ந்தன. அன்று காலையிலோ மீண்டும் நாம் இருந்தோம், அவர் நின்றார். "இரும் தம்பி" என்றோம். "இஞ்ச நாங்கள் இருக்கக்கூடாது சேர்" என்று சிரித்தார்.

நண்பர் இதனை ஏற்கவில்லை. இது தொழிலின் ஒழுங்கு, சாதியின் ஒழுங்கன்று என்றார். பணம் எவரிடமும் சாதி கேட்பதில்லை என்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. நிலவுடைமைக் காலத்தின் பழைய தளைகளை முதலாளித்துவம் அறுத்தெறிந்தது என்பதை மார்க்சும் எங்கெல்சுமே 1848இன் அறிக்கையில் ஒப்புக்கொண்டனர். சிரட்டையிற் குடித்தவரின் பேரன் சம்பளமும் சீருடையும் பெற்று மாளிகைக்குள் நடமாடுவது முன்னேற்றமே.

ஆனால் பணம் சாதி கேட்காததற்குக் காரணம், அதற்குரிய விடை முன்னரே எழுதப்பட்டிருப்பதன்றோ? நண்பர் இலண்டன் செல்ல உதவியது அவர் தந்தையார் ஈடுவைத்த தோட்டக்காணி. நாம் பல்கலைக்கழகம் சென்றதற்குப் பின்னால் பாட்டனாரின் காணி இருந்தது. பிறர் காணியில் உழைத்தவரின் பேரனுக்கு ஈடுவைக்க என்ன இருந்தது? சாதி, "நீ வரக்கூடாது" என்றது. பணம், "விலை கொடுத்தால் வரலாம்" என்கிறது. முன்னையதன் கொடுமை கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் அதனை எதிர்த்து மக்கள் திரண்டனர். பின்னையதை எதிர்த்து எவர் வாசலில் நின்று குரல் கொடுப்பது?

அதே கறுவாத்தோட்டத்தின் ரொஸ்மீட் பிளேசில் இன்னொரு மாளிகை உண்டு. 1959 செப்ரெம்பர் 25இல், பிரதமர் பண்டாரநாயக்கா தம்மைக் காண வந்தோரைச் சந்தித்த விறாந்தையிலேயே சுடப்பட்டு, மறுநாள் இறந்தார். இன்று அவ்வீடும் ஒரு பூட்டிக் விடுதி. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தால் தமிழருக்கு மொழியின் கதவை அடைத்த அவரது அரசாங்கமே, 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சாதியின் பேரால் கடைகளிலும் பொதுவிடங்களிலும் ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. எனினும் சட்டம் மட்டும் வாங்கில் இடம் பெற்றுத் தரவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்படவேண்டியிருந்தது. தேநீர்க்கடை வாசல்களில் இரத்தம் சிந்தவேண்டியிருந்தது.

அவ்வாறாயின், அவ்விடுதியில் தங்கியது பாவமா? பாவ புண்ணியக் கணக்கு எமக்கு வேண்டியதில்லை. ஒருவர் தேநீர் கொண்டுவருவதும் மற்றவர் அருந்துவதும் இழிவன்று. கொண்டுவருபவர் என்றும் கொண்டுவருபவராகவும், அருந்துபவர் தலைமுறை தலைமுறையாக அருந்துபவராகவும் நிலைத்துவிடுவதே இழிவு. படுக்கையை விரிப்பவர் தம் உழைப்பின் ஊதியத்தால் என்றேனும் அதில் உறங்க இயலுமா என்பதே ஒரு சமுதாயத்தின் அறத்தை அளக்கும் கோல் என்போம்.

புறப்படும்போது அவ்விளைஞரிடம், "ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வாரும்" என்றோம். "வாறன் சேர்" என்றவர் எம் முகத்தை ஒரு கணம் பார்த்தார். விறாந்தையோடு நிறுத்துவீர்களா, உள்ளே அழைப்பீர்களா? உங்கள் வீட்டார் எந்தக் கோப்பையில் தருவார்கள்? அவர் இவற்றைக் கேட்கவில்லை, அப்பார்வை கேட்டது. பணம் அடைத்த கதவைத் திறக்கப் பெரும் மாற்றங்கள் வேண்டும். கரவெட்டியில் உள்ள எம் வீட்டுக் கதவைத் திறக்க நாம் எதற்காகக் காத்திருக்கிறோம்?