ஊர்த்தெருவுக்கும் கொஞ்சம் அனுப்புங்க சாமி

அக்டோபர் மாதக் கடைசிக்கு முந்தின ஞாயிறு எங்க கோயிலில் மறைபரப்பு ஞாயிறு. 1926-இல் போப்பாண்டவர் ஏற்படுத்தியது. அன்றைய காணிக்கை உலகமெங்கும் நடக்கிற மிசன் வேலைக்குப் போகும். எனக்குப் பத்து வயசிருக்கும்போது, கவர் கொடுக்க வந்த பங்குச் சாமியாரிடம் எங்க பாட்டி கேட்டாள்: "சாமி, இந்தக் காசு எங்க போவுது?"

"ஆப்பிரிக்காவுக்கு. அங்க ஆண்டவர அறியாத சனங்க இருக்காங்க."

பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து அஞ்சு ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். "அனுப்புங்க சாமி. அப்பிடியே ஊர்த்தெருவுக்கும் கொஞ்சம் அனுப்புங்க. அங்கயும் அறியாதவங்கதான் இருக்காங்க."

சாமியார் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. மாதா தேர் ஊர்த்தெருவையெல்லாம் சுற்றிவிட்டு எங்க தெருமுனையில் திரும்பிவிடும். ஒரே தொட்டியில்தான் ஞானஸ்நானம். கல்லறை மட்டும் தனித்தனி.

திருச்சபை தன் இயல்பிலேயே மறைபரப்புவது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. அப்படியானால் உள்ளூர்ச் சபை செய்கிற ஒவ்வொன்றும் பிரசங்கம்தான். திரும்பிப் போகிற தேரும் பிரசங்கம் பண்ணுகிறது. கல்லறைச் சுவரும் பிரசங்கம் பண்ணுகிறது. பார்த்துக்கொண்டிருக்கிற இந்துச் சனங்கள் அதைச் சரியாகவே புரிந்துகொள்கிறார்கள்: கிறிஸ்து வந்தாலும் சாதி போகாது. எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி 2008 மார்ச்சில் கலவரம் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே மாதாவின் பிள்ளைகள். இதைவிட உரக்கப் பிரசங்கம் பண்ண முடியுமா?

"பள்ளிக்கூடம் கொடுத்தோமே, மறந்துட்டீங்களா?" என்பார்கள். மறக்கவில்லை. மிசன் பள்ளிக்கூடம் இல்லையென்றால் நான் எம்.ஏ. தமிழ் படித்திருக்க மாட்டேன். ஆனால் நன்றி வேறு, வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கொடுத்தவர்கள் அவர்கள், வாங்கியவர்கள் நாங்கள் என்பது எந்தக் கணக்கு? புராட்டஸ்டண்ட் வரலாற்றைப் பாருங்கள். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சாம்பவர். தஞ்சாவூரில் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைத்துத்தான் ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். 1816-இல் அவர் கிளம்பியபோது சபையை ஒப்படைத்ததும் வேதமாணிக்கத்திடம்தான். ஆக, அங்கே மிசன் சேரியைத் தேடி வரவில்லை. சேரிதான் போய் மிசனைக் கூட்டி வந்தது. நம்ம சனங்கள் கேட்டது சோறு மட்டுமல்ல, சமமாக உட்கார ஓர் இடம்.

"அப்புறம் ஏன் இன்னும் அங்க இருக்கீங்க? வெளிய வாங்க" என்கிறார்கள் தோழர்கள். நியாயமான கேள்விதான். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கோயிலுக்குக் கல் சுமந்தது என் பாட்டி. அவள் சுமந்த கோயிலை, சுவர் எழுப்பியவர்களிடம் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. உள்ளே இருந்தே தேரை மறிப்போம், கல்லறைச் சுவரைக் கேள்வி கேட்போம். உள்ளூர்ச் சபைக்கு நற்செய்தி அறிவிக்கிற வேலை இப்போது சேரியின் கையில் இருக்கிறது. பாட்டி அந்த வேலையை அன்றைக்கே தொடங்கிவிட்டாள்.

இந்த அக்டோபரிலும் கவர் வரும். அதன் மேல் 'ஊர்த்தெருவுக்கு' என்று எழுதித்தான் கொடுக்கப்போகிறேன்.