மறுசோறு

முதற் சோற்றை வைத்துச் சாப்பாட்டுக் கடையை எடைபோடக் கூடாது. அது எல்லாக் கடையிலும் வரும்: கோப்பை நிறையச் சோறு, சுற்றிவரக் கறிகள், மேலே ஒரு பப்படம். மறுசோறு எப்படி வருகிறது என்பதில்தான் கடையின் மனம் தெரியும்.

மட்டக்களப்பு நகரில் நான் பகல் சாப்பாட்டுக்குப் போகும் கடையில் பரிமாறுகிறவருக்கு ஐம்பதுக்கு மேல் வயதிருக்கும். சாரன், தோளில் ஒரு துவாய். மேசைகளுக்கிடையே நடக்கும்போது அவர் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, கோப்பையைத்தான் பார்ப்பார். இன்னும் நாலைந்து பிடி இருக்கும்போதே வந்து நிற்பார். "மறுகா, கொஞ்சம் போடட்டா?" வேண்டாமென்று கையை விரித்தாலும் அரை அகப்பை விழும். சோறு விழுந்த கையோடு பருப்பு, பிறகு மீன் குழம்பு. மீனுக்கும் இறைச்சிக்கும் கணக்கு உண்டு, சோற்றுக்கும் மரக்கறிக்கும் குழம்புக்கும் கணக்கில்லை. நம்முடைய சோற்றுக் கடைகளில் எழுதாமலே நடக்கிற சட்டம் இது. ஆனால் கேட்டு வாங்க வேண்டி வந்தால் அதே சோறு சலுகையாகிவிடும். கேட்க முன்னம் வந்தால் உரிமை.

படுவான்கரைப் பக்கமிருந்து போதனா வைத்தியசாலைக்கு யாரையோ பார்க்க வந்த ஒருவர் ஒருநாள் என் மேசையில் இருந்தார். மடியில் மருந்துப் பை. விலைப் பலகையை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "மரக்கறிச் சோறு மட்டும்" என்றார். பரிமாறுகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. சோறு வைத்தார், மூன்று மரக்கறி வைத்தார். பிறகு மீன் குழம்புச் சட்டியின் அடியில் அகப்பையை விட்டுக் கிளறி, உதிர்ந்த மீன் துகள்களோடு இரண்டு அகப்பை ஊற்றினார். அடுத்த மேசைக்குப் போய்த் திரும்பி வரும்போது இன்னும் ஒன்று. துண்டு போடவில்லை, ஆகவே பில்லில் ஏற ஒன்றுமில்லை. வாங்கியவருக்கும் தலை குனிய ஒன்றுமில்லை. ஐந்து நட்சத்திரப் பயிற்சிக் கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் இருக்குமா என்று தெரியாது. இருக்க வேண்டும்.

*

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்களில் ஒரு கதை உண்டு. மந்திரத்தால் ஒட்டுவார்களாம். இங்குள்ள வீடொன்றில் சாப்பிட்டு எழும்பப் பார்த்தவர்களுக்கு அந்த மந்திரம் என்னவென்று தெரியும். வந்தவருக்கு முதலில் வெற்றிலை வட்டா நீட்ட வேண்டும். பிறகு தேத்தண்ணி. பிறகு, "சோறு திண்டுட்டுப் போகலாம், இரி மனே" என்று ஒரு கிழவி சொல்லுவா. அதற்கு மேல் எழும்ப ஒண்ணாது. மீன் இல்லாத நாளென்றால் முட்டை பொரியும். முட்டையும் இல்லையென்றால் கோடியில் நிற்கும் முருங்கையில் இலை ஒடித்துச் சுண்டல் வரும்.

கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன், வடக்கிலிருந்து பாதயாத்திரையாக வருகிறவர்கள் இந்தக் கரையோரமாகத்தான் நடந்து போவார்கள். வெருகல் தாண்டி, மட்டக்களப்பு தாண்டி, பொத்துவில், உகந்தை, பிறகு காடு. வழிநெடுகக் கோயில்களிலும் வீடுகளிலும் அவர்களுக்குச் சாப்பாடு. எந்த ஊர், என்ன சாதி, திரும்ப வருவார்களா என்று யாரும் விசாரிப்பதில்லை. நடந்து வந்தவனுக்குக் கால் வலிக்கும், பசிக்கும். விசாரணை அதோடு முடிந்தது. வாவிக்கரைக் கடைகளில் நல்லதாக எனக்குப் படுவதெல்லாம் இந்தத் திண்ணைகளிலும் கோயில் மடங்களிலும் பழகி வந்ததே.

*

பின்னேரக் கடைகளில் ஒரு வழக்கம். உட்கார்ந்தவுடன் ஒரு தட்டில் ரோல்ஸ், பற்றிஸ், வடை, கட்லட் எல்லாம் அடுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு. எழும்பும்போது பொடியன் மிச்சத்தைப் பார்த்து மனக்கணக்கில் தொகை சொல்லுவான். நாம் எத்தனை தின்றோம் என்று அவன் நம்மையே கேட்கும் கடைகளும் உண்டு. அந்த நம்பிக்கை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் பத்துப் பேர் தொட்டுப் பார்த்து வைத்த ரோல்ஸ் பதினோராவது மேசைக்குப் போவது எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடி மூடியும் ஓர் இடுக்கியும் போதும், பெரிய செலவில்லை. மூடியைத் திறந்து இடுக்கியால் எடுத்துத் தருகிற கடைகள் இப்போது கூடிவருகின்றன. அங்கே இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கலாம்.

*

சோற்றுப் பார்சல். கோப்பையில் தருவதைவிடப் பார்சலில் சோறு கூட இருக்கும். மேசன் வேலைக்காரர் இரண்டு பேர் ஒன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கடைக்காரருக்கும் தெரியும். தெரிந்தேதான் அமத்திக் கட்டுகிறார்.

என் மனக்குறை அதைக் கட்டும் லஞ்ச் சீட்டைப் பற்றியது. 2017 செப்டம்பர் 1 முதல் பொலித்தீன் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது. 2021இல் மறுபடியும் தடை அறிவித்தார்கள். ஆவி பறக்கும் சோறு இன்னும் பல இடங்களில் அதிலேதான் விழுகிறது. சாப்பிட்ட பிறகு அது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் வாவிக்குப் போகும். 56 கிலோமீற்றர் நீளமான வாவி. இறாலும் நண்டும் மீனும் தந்து இந்தக் கடைகளின் அடுப்பை எரியவைப்பது அதுதான். கல்லடிப் பாலத்தடியில் இராத்திரியில் வீச்சுவலை போடுகிற ஒருவரிடம் கேட்டேன். வலையில் மீனுக்கு முன்னம் பொலித்தீன் வருகிறது என்றார். வாழையிலைக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. இலையில் கட்டினால் பத்து ரூபா கூட என்று ஒரு கடைக்காரர் பலகை வைத்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

*

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ நினைக்காமல் கடைச் சாப்பாட்டைப் பற்றி எழுத முடியவில்லை. காஸ் இல்லை, பால்மா இல்லை. அந்த மார்ச் மாதத்தில் ஒரு கோப்பை பால் தேத்தண்ணி 100 ரூபா ஆனது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். இந்த எண்ணைப் பிறகுதான் பத்திரிகையில் வாசித்தேன். கடைகளில் அதற்கு முன்னமே தெரிந்துவிட்டது: பப்படம் போனது, பிறகு முட்டை பாதியானது, பிறகு மறுசோறு நின்றது.

அந்த நாட்களில் ஒரு கடையில் நான் கதிரையை இழுக்க முன்னமே பொடியன் வந்து சொன்னான்: "சேர், சோறு ஒருக்காத்தான். மன்னிச்சுக்கொள்ளுங்க." அவனுக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. இல்லாததை இல்லையென்று உட்கார முன்னம் சொல்லிவிடுவது பெரிய உபசாரம். விறகடுப்புக்கு மாறி, புகையில் கண் சிவக்கச் சமைத்த பெண்கள் பின்பக்கம் இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

முன்னமே சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2024 ஏப்ரலில் நாடே பார்த்தது. கொழும்பு புதுக்கடையில் வெளிநாட்டுப் பயணி ஒருவரிடம் ஒரு கொத்துக்கு 1,900 ரூபா கேட்டு, அவர் மறுத்தபோது மிரட்டியவரைப் பொலிசார் கைது செய்தார்கள். அதே மாதம் களுத்துறையில் ஒரு பிளேன்ரீக்கும் உழுந்து வடைக்கும் 800 ரூபா கேட்டவரும் கைதானார். இரண்டும் வீடியோவில் வந்ததால் பிடிபட்டவை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கச் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. கொத்து கிழக்கில் பிறந்த சாப்பாடு என்று நாம் பெருமையாகச் சொல்லுவோம். அந்தப் பெருமையோடு விலைப் பலகையையும் வைக்க வேண்டும், அதுவும் மூன்று மொழியிலும். விலை தெரியாமல் சாப்பிடுகிறவனுக்கு ஒவ்வொரு வாயிலும் பயம் இருக்கும். பயத்தோடு தின்றது உடம்பில் ஒட்டாது.

*

பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்களில் பில் வரும்போது சாப்பாட்டு விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. வற் 18 ஆனது 2024 ஜனவரியில். உள்ளூர்க் குடும்பமொன்று பிறந்தநாளுக்குப் போய், அந்தக் கடைசி வரிகளைப் பார்த்து முகம் மாறியதைக் கண்டிருக்கிறேன். எல்லாம் சேர்ந்து இவ்வளவு என்று உணவுப் பட்டியலிலேயே போட்டால் என்ன?

அங்கே வேலை செய்கிறவர்களில் கல்குடா, வாழைச்சேனைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். யுத்தம் முடிந்த பிறகு வந்த ஹோட்டல்கள், யுத்தத்துக்குள் பிறந்த பிள்ளைகள். மூன்று மொழியில் காலை வணக்கம் சொல்கிறார்கள், நெஞ்சில் பெயர்ப் பட்டி குத்தியிருக்கிறார்கள். பயிற்சிச் சிரிப்பு என்று அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. உழைத்துப் படித்தது எதுவும் பொய்யில்லை. அந்த 10 வீதம் அவர்கள் கைக்கு முழுதாகப் போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நான் கேட்பதுண்டு. ஒரு பிள்ளை தலையாட்டும், இன்னொன்று முதலாளியின் பக்கம் பார்க்கும்.

*

காத்தான்குடியில் கொத்துக் கடைக்காரரை நானா என்று கூப்பிடுகிறேன், அவர் என்னைத் தம்பி என்கிறார். "உறைப்புக் கூடவா, குறையவா?" என்று மட்டும்தான் கேட்பார். 1990க்குப் பிறகு நெடுங்காலம் தமிழரும் முஸ்லிம்களும் நகருக்கும் காத்தான்குடிக்கும் இடையிலுள்ள இந்தச் சிறு தூரத்தைக் கடந்து ஒருவர் கடையில் மற்றவர் சாப்பிடுவது குறைந்திருந்தது. இரண்டு பக்கமும் பிணங்கள் விழுந்த ஆண்டு அது. மெல்ல மெல்லச் சீராகி வந்தது, 2019 ஏப்ரல் 21இல் நகரிலுள்ள சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு மறுபடியும் ஒடிந்தது. முஸ்லிம்களின் கடைகள் ஆளில்லாமல் கிடந்தன. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்ற கதை அந்த நாட்களில் தீயாகப் பரவியது. அந்தக் கதையை நான் ஒருபோதும் நம்பியதில்லை, சொன்னவர்களோடு வாக்குவாதப்பட்டிருக்கிறேன். ஒரே வாவியின் மீன், ஒரே வயலின் அரிசி, ஒரே சந்தையின் தேங்காய். நோன்பு காலத்தில் எங்கள் வீட்டுக்கு இன்னமும் கஞ்சி வருகிறது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. பொங்கலுக்குப் புக்கை போகும்.

*

தயிர். வெளியூர்ச் சிநேகிதர்கள் கேட்பது மட்டக்களப்புத் தயிர்தான். முட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிர், மேலே ஆடை, ஊற்றக் கித்துள் பாணி. கடையில் அதைக் கேட்கிறவர்கள் மேய்ச்சல் தரையைப் பற்றியும் கேட்க வேண்டுமென்று எனக்கு ஆசை. மயிலத்தமடு, மாதவணையில் தங்கள் மாடுகளுக்கு இருந்த தரையை வெளியாட்கள் வெட்டிப் பயிர் செய்கிறார்கள், மாடுகளைக் கொல்கிறார்கள் என்று 2023 செப்டம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரம் கொட்டில் போட்டுப் போராட்டத்தில் இருந்தார்கள். அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் தயிர் வாங்க வருகிறவர்களின் வாகனங்கள் போயின. சில நின்றன.

*

சாப்பிடுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரிமாறும் பிள்ளையைக் கைதட்டிக் கூப்பிடுகிறவர்கள், விரலைச் சொடுக்குகிறவர்கள், தலை நரைத்தவரை "டேய்" என்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீட்டில் மாமாவையும் மச்சானையும் முறை சொல்லி அழைக்கிற வாய்தான் அது. கடைக்குள் வந்ததும் முறை மறந்துபோவது எனக்கு வேதனை. தண்ணீர் வைத்தவருக்கு ஒரு சொல், எழும்பும்போது ஒரு சொல். கையில் இருந்தால் ஐம்பதோ நூறோ, மேசையில் போடாமல் கையில் கொடுக்க வேண்டும்.

பரிமாறுகிறவர்கள் சாப்பிட மூன்று மணியாகும். காலை ஆறுக்கு வந்தவர்கள். கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சியதைப் போட்டுத் தின்பார்கள். நல்ல நாளில் மீன் மிஞ்சாது, வியாபாரம் நன்றாக நடந்தால் அவர்களுக்குக் குழம்புதான். நான் பகலுக்குப் போகிற கடையில் முதலாளி அம்மா காலையிலேயே பொரித்த மீனில் ஆளுக்கொரு துண்டு எடுத்து, மூடி போட்ட ஒரு சட்டியில் உயரத்தில் வைத்துவிடுவா. எத்தனை பேர் வந்து கேட்டாலும் அந்தச் சட்டி இறங்காது. ஒருநாள் என்னிடமே, "மீன் முடிஞ்சுது மகன், முட்டை பொரிச்சுத் தரட்டா?" என்று கேட்டா. சட்டி எனக்குத் தெரியும்படியேதான் இருந்தது. பொரித்துத் தரச் சொன்னேன்.